ஹாப்பரின் சுவர் 48 மில்லிமீட்டர் வளைகிறது என்று கணினி சொன்னால்

சுமை ஏறும்போது ஒரு கட்டமைப்பு எவ்வளவு வளையும், எங்கே நெளியும் என்று கணித்துச் சொல்லும் மென்பொருள்களில் எதிர்பாராத விடை வந்தால், பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது மெஷ்ஷில்தான், அதாவது கட்டமைப்பைக் கணக்குக்காக எலிமென்ட் என்ற சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலையில்தான். எலிமென்ட்டின் அளவைப் பாதியாக்கி மறுபடியும் ஓட்டுவார்கள், விடை சற்றே மாறும், மேலும் பாதியாக்குவார்கள், கணினி இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் விடை நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ பிசகியிருக்கும்போது அதற்கு மெஷ் காரணமாக இருப்பது அரிது. சுமையை எப்படிக் கொடுத்தோம், எங்கே பிடித்து நிறுத்தினோம், எந்த அலகில் எண்களை எழுதினோம் என்ற மூன்றில் ஒன்றில்தான் பிழை இருக்கும். ஆகவே நான் பார்க்கும் வரிசை வேறு: முதலில் எதிர்விசைகளின் (தாங்கல்கள் சுமைக்கு எதிராகத் தள்ளும் விசைகளின்) கூட்டுத்தொகை, அடுத்து உருமாற்றத்தின் வடிவம், கடைசியில்தான் தகைவின் (பொருளுக்குள் ஓரலகு பரப்பில் உண்டாகும் விசையின்) வண்ணப்படம். இந்த வரிசையை மாற்றினால் நேரம் வீணாகும் என்பதே இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது.

கேரள எல்லையில் வாளையாறைத் தாண்டியதும் வரும் கஞ்சிக்கோட்டில், பேப்ரிகேஷன் வேலை எடுத்துச் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் நான் இருக்கிறேன். வரைபடங்கள் ஆங்கிலத்திலும், வாடிக்கையாளருடன் பேச்சு மலையாளத்திலும், ஷாப்பில் வேலை தமிழிலும் நடக்கும் இடம் இது; கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இங்கே வேலை கற்றுக்கொள்ள வருகிறார்கள். விலை கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருள்கள் எங்களுக்கு எட்டாது என்பதால் கால்குலிக்ஸ் என்ற இலவச சால்வரையே (கணக்கைத் தீர்க்கும் மென்பொருளையே) பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். கைடோ தோண்ட் எழுதிய அந்த சால்வரின் உள்ளீட்டுக் கோப்பு, விலை கொடுத்து வாங்கும் அபாகஸ் மென்பொருளின் கோப்பைப் போலவே இருப்பதால், இங்கே பழகியவர்கள் பெரிய நிறுவனங்களுக்குப் போனாலும் திணறுவதில்லை.

பாலக்காட்டு நெல் வயல்களை நம்பி இயங்கும் ஓர் அரிசி ஆலைக்காக வந்த ஹாப்பர் (தானியத்தை மேலே கொட்டிக் கீழ்க்கதவு வழியாக எடுக்கும் தொட்டி) வேலையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். மேலே 2 மீட்டருக்கு 2 மீட்டர், 1.5 மீட்டர் உயரத்தில் ஒரு சதுரப் பெட்டி. அதன் கீழே மற்றொரு 1.5 மீட்டர் உயரத்துக்குச் சரிந்து 300 மில்லிமீட்டர் சதுரக் கதவில் முடியும் கூம்புப் பகுதி. சுவர்கள் 3 மில்லிமீட்டர் தகடு. சுவர்களுக்கு ஒரு மீட்டர் இடைவெளியில் தகட்டை விறைப்பாக்கும் ஆங்கிள் ஸ்டிஃப்னர்கள். தாங்குவதற்கு நான்கு கால்கள். சிறிய வேலைதான். ஆனால் தப்பான விடைக்கு வழிகாட்டும் பொறிகள் அனைத்தும் அதற்குள் இருந்தன.

முதலில் எதிர்விசை. பெட்டியின் கொள்ளளவு 6 கன மீட்டர், கூம்பின் கொள்ளளவு ஏறக்குறைய 2.35 கன மீட்டர். நெல்லைக் குவித்தால் கன மீட்டருக்குச் சுமார் 600 கிலோ என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 5 டன். அதாவது நான்கு கால்களின் அடியிலும் கிடைக்கும் செங்குத்து எதிர்விசைகளைக் கூட்டினால், தகட்டின் சொந்த எடையை நீக்கிய பிறகு, 49.1 கிலோநியூட்டன் வர வேண்டும். இந்தக் கணக்கைப் போட ஒரு தாளும் இரண்டு நிமிடமும் போதும். எங்களிடம் பயிற்சிக்கு வந்த தங்கை நெல்லின் அழுத்தத்தைத் தண்ணீரைப் போல ஆழத்துக்கேற்பக் கூடும் அழுத்தமாகச் சுவர்களின்மேல் கொடுத்து ஓட்டினாள். கூட்டுத்தொகை 47.5 கிலோநியூட்டன் என்று வந்தது. "மூன்று சதவீதம்தானே அண்ணா, மெஷ் பிழையாக இருக்கும்" என்றாள்.

மெஷ் பிழையாக அது இருக்க முடியாது. நேரியல் பகுப்பாய்வில் (சுமைக்கு நேர்விகிதத்தில் வளைவதாகக் கொள்ளும் கணக்கில்) எதிர்விசைகளின் கூட்டுத்தொகை கொடுத்த சுமைக்குச் சமமாக இருந்தே தீரும். மெஷ் எவ்வளவு பரும்படியாக இருந்தாலும் அந்தச் சமநிலை கெடாது. ஆகவே 1.6 கிலோநியூட்டன் குறைகிறது என்றால் அந்த 1.6 கிலோநியூட்டனை நாம் கொடுக்கவே இல்லை என்றுதான் பொருள். தேடினால் இடம் கிடைத்துவிடும்: மாதிரியில் கீழ்க்கதவு ஒரு வெற்றுத் திறப்பாக விடப்பட்டிருந்தது. அதன்மேல் நிற்கும் நெல்லின் உயரம் 3 மீட்டர், அங்கே அழுத்தம் 17.7 கிலோபாஸ்கல், திறப்பின் பரப்பு 0.09 சதுர மீட்டர். இவற்றைப் பெருக்கினால் 1.59 கிலோநியூட்டன். கணக்கு நேராகிவிட்டது. இந்த ஹாப்பரில் அந்தக் குறை பெரிதன்று; ஆனால் கதவைத் தாங்கும் போல்ட்டுகளுக்கு எந்தச் சுமையும் வராததால் அவை பாதுகாப்பாக இருப்பதாக அறிக்கையில் எழுதியிருப்போம் என்பதுதான் பெரிது. மூன்று சதவீதம்தானே என்று விட்டுவிடாமல், குறைகிற ஒவ்வொரு நியூட்டனுக்கும் முகவரி கேட்பது என் வழக்கம்.

நெல்லைத் தண்ணீராக எடுத்துக்கொள்வதே சரியா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். சரியன்று. தானியம் சுவரோடு உராய்ந்து தன் எடையில் ஒரு பகுதியைச் சுவரின்மேல் ஏற்றிவிடுவதால், உயரமான சைலோவில் (தானியக் கோபுரத்தில்) அழுத்தம் ஆழத்தோடு கூடிக்கொண்டே போகாமல் ஓர் அளவில் நின்றுவிடும் என்பதை யான்சன் 1895ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். பக்கச் சுவரில் விழும் கிடைமட்ட அழுத்தமும் செங்குத்து அழுத்தத்தைவிடக் குறைவே. குட்டையான ஹாப்பரில் தண்ணீர்க் கணக்குச் சுவரின் வளைவைக் கூட்டிக் காட்டும், அதனால் முதல் சரிபார்ப்புக்குத் தீங்கில்லை. ஆனால் உராய்வால் சுவருக்குள் கீழ்நோக்கி இறங்கும் அழுத்து விசையை அது காட்டாது, மெல்லிய தகடு நெளிந்து மடிவது அந்த விசையால்தான். எனவே உயரமான சைலோவுக்கு இந்தக் குறுக்குவழி உதவாது.

எதிர்விசை சரியாக வந்துவிட்டால் அலகுப் பிழைகளில் பாதி அப்போதே வெளியேறிவிடும். மில்லிமீட்டர், நியூட்டன், மெகாபாஸ்கல் என்று வேலை செய்யும்போது அடர்த்தியை ஒரு கன மில்லிமீட்டருக்கு இத்தனை டன் என்று எழுத வேண்டும். எஃகுக்கு அது 7.85 பெருக்கல் பத்தின் அடுக்கு கழித்தல் 9. அங்கே 7850 என்று எழுதினால் சொந்த எடை ஒரு லட்சம் கோடி மடங்கு ஆகும், படத்தில் ஹாப்பர் பூமிக்குள் போய்விடும். அது நல்ல பிழை, உடனே தெரிந்துவிடும். புவியீர்ப்பை 9810 என்று எழுதாமல் 9.81 என்று எழுதுவதுதான் கெட்ட பிழை. சொந்த எடை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, எல்லாம் அழகாகவும் அமைதியாகவும் இருக்கும். யங் குணகத்தில் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்ணில்) பிழை இருந்தால் எதிர்விசை அதைக் காட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிலையாகத் தாங்கப்பட்ட பொருளில் சுமையின் கூட்டுத்தொகை குணகத்தைச் சார்ந்ததன்று. அந்தப் பிழையை வளைவின் அளவுதான் காட்டிக்கொடுக்கும். வேறொரு மென்பொருளிலிருந்து வந்த வரைபடக் கோப்பு அங்குலத்தில் இருந்தால் எல்லா நீளங்களும் 25.4 மடங்கு பிசகும். அதற்கு மாதிரியின் மொத்த நீளத்தை ஒரு முறை அளந்து பார்த்தாலே போதும்.

அடுத்தது வடிவம். உருமாறிய வடிவத்தைப் பார்க்கும் முன் உருப்பெருக்கத்தை ஒன்றுக்குக் கொண்டுவர வேண்டும். பல மென்பொருள்கள் வளைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தாமாகவே அதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டுகின்றன. அரை மில்லிமீட்டர் வளைவு கால் மீட்டர் வளைந்ததுபோல் தெரிவதைப் பார்த்துப் பதறி வடிவமைப்பையே மாற்றியவர்களை நான் அறிவேன். ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு வேண்டுமானால் பெருக்கலாம். பெருக்கிய படத்தை அசைவுப்படமாக ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. வெல்டிங் செய்து ஒன்றாக இருக்க வேண்டிய இரண்டு தகடுகள் தனித்தனியாக ஆடினால், அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளாமல் வெளியிலிருந்து உள்ளே அமுக்கினால், அசைவில்தான் உடனே கண்ணில் படும். ஷெல் எலிமென்ட்டுகளில் (தகட்டை வெறும் பரப்பாகக் காட்டும் எலிமென்ட்டுகளில்) பரப்பின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்தே அழுத்தத்தின் திசை அமையும். ஒரே சுவரில் சில எலிமென்ட்டுகள் முகம் திரும்பிக் கிடந்தால் சுவரின் ஒரு பகுதி புடைத்தும் மறு பகுதி குழிந்தும் நிற்கும். பல திசைத் தகைவுகளை ஒரே எண்ணாக்கிக் காட்டும் வான் மீசஸ் தகைவு எப்போதும் நேர்க்குறி எண்தான் என்பதால் வண்ணப்படம் இதைக் காட்டவே காட்டாது.

சில நேரங்களில் இடப்பெயர்ச்சி கோடிக்கணக்கான மில்லிமீட்டர் என்று வரும், அல்லது சால்வர் பாதியிலேயே நின்றுவிடும். ஏதோ ஓர் உறுப்பு எதனோடும் ஒட்டாமல் அந்தரத்தில் மிதக்கிறது என்று அதற்குப் பொருள். இரண்டு பரப்புகளை ஒட்டச் சொல்லியிருப்போம். ஆனால் அவற்றுக்கு நடுவே நாம் அனுமதித்த அளவைவிட இடைவெளி கூடுதலாக இருந்தால் சால்வர் ஒட்டாமல் விட்டுவிட்டு ஓர் எச்சரிக்கை வரியை மட்டும் எழுதிவைக்கும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. எந்த உறுப்பு மிதக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல உபாயம் உண்டு: அதே மாதிரியைச் சுமையில்லாமல் இயல் அதிர்வெண் பகுப்பாய்வுக்குக் கொடுத்தால், சுழியத்தை ஒட்டிய அதிர்வெண்ணோடு ஒரு வடிவம் வரும், அந்த வடிவத்தில் தனியே நகர்ந்து போவது எதுவோ அதுவே ஒட்டாத உறுப்பு. எதிலும் பிடிக்கப்படாத ஒரு முழுப் பொருளுக்கு இப்படி ஆறு சுழிய அதிர்வெண்கள் வரும். சரியாகத் தாங்கப்பட்ட ஹாப்பருக்கு ஒன்றுகூட வரக்கூடாது.

தலைப்பில் சொன்ன 48 மில்லிமீட்டருக்கு இப்போது வரலாம். ஸ்டிஃப்னர்களுக்கு நடுவே ஒரு மீட்டர் சதுரமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட தகடு. அதன் மேல் சராசரியாக ஒரு மீட்டர் ஆழத்து நெல்லின் அழுத்தம், அதாவது 5.9 கிலோபாஸ்கல். விளிம்புகள் வெறுமனே தாங்கப்பட்ட சதுரத் தகட்டுக்கான பழைய சூத்திரத்தில் எண்களைப் போட்டால் நடுவில் 48 மில்லிமீட்டர் வளைவு கிடைக்கும். கணினியும் அதற்கு மிக அருகிலேயே சொன்னது. கைக்கணக்கும் கணினியும் ஒத்துப்போகின்றன, எதிர்விசை சரி, வடிவமும் சரி. ஆனால் அரிசி ஆலைகளில் இதேபோன்ற தகடு போட்ட ஹாப்பர்கள் எத்தனையோ நிற்கின்றன, எதுவும் அப்படி வயிறு தள்ளி நிற்கவில்லை.

இங்கே பிழை சூத்திரத்திலும் இல்லை, மென்பொருளிலும் இல்லை. இரண்டும் ஒரே அனுமானத்தின்மேல் நிற்கின்றன என்பதில் இருக்கிறது. வளைவு தகட்டின் தடிமனைவிட மிகச் சிறியதாக இருக்கும்வரைதான் நேரியல் கோட்பாடு செல்லும். தடிமனில் பாதியைத் தாண்டும்போதே அதன் பிடி தளரத் தொடங்கிவிடும். இங்கே வளைவு தடிமனைப்போல் 16 மடங்கு. அவ்வளவு வளையும் முன்பே தகடு வளைந்து தாங்குவதை விட்டுவிட்டு, இழுத்துக் கட்டிய கூடாரத் துணியைப்போலத் தன் தளத்திலேயே இழுவிசை ஏற்றுத் தாங்கத் தொடங்கிவிடும். பெரிய உருமாற்றத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் கட்டளையைச் சேர்த்து ஓட்டினால், விளிம்புகள் உள்நோக்கி நழுவாமல் பிடிக்கப்பட்டிருக்கும் நிலையில் வளைவு 7 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். 48 எங்கே, 7 எங்கே! அந்த ஒரு வரிக் கட்டளை இல்லாததால் 3 மில்லிமீட்டர் தகட்டை 6 மில்லிமீட்டராக மாற்றி, ஆலைக்காரரின் தலையில் தேவையில்லாத செலவைக் கட்டியிருக்கலாம்.

ஆனால் விளிம்புகள் நழுவாமல் பிடிக்கப்பட்டிருக்கும் நிலையில் என்ற தொடரைக் கவனிக்க வேண்டும். அந்த இழுவிசையை யாராவது தாங்க வேண்டுமல்லவா? அடுத்தடுத்த கட்டங்களில் தகடு தொடர்ந்து போவதால் நடு ஸ்டிஃப்னரின் இரு பக்கமும் இழுவிசை ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். மேல் விளிம்பில் அப்படி இல்லை, அங்கே இருக்கும் ஆங்கிள் உள்நோக்கி வளையும், வளைந்தால் தகட்டின் வளைவும் கூடும். ஆகவே தனித் தகட்டை வெட்டி எடுத்து நான்கு பக்கமும் இறுக்கிப் பிடித்துக் கணக்குப் போட்டுவிட்டு 7 மில்லிமீட்டர் என்று அறிக்கையில் எழுதுவதும் சரியாகாது. முழு ஹாப்பரின் மாதிரியிலேயே அந்தக் கட்டளையோடு ஓட்ட வேண்டும். கால்குலிக்ஸில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அது ஷெல் எலிமென்ட்டுகளை உள்ளுக்குள் தடிமன் கொடுத்துத் திண்ம எலிமென்ட்டுகளாக விரித்துக்கொள்கிறது. இரண்டு தகடுகள் கோணத்தில் சேரும் மூலையில் அந்த விரிவுகளை வளையாத ஒரு முடிச்சாகக் கட்டிவைக்கிறது. மொத்த வளைவுக்கு இதனால் பெரிய கேடு இல்லை. மூலையை ஒட்டிய தகைவு எண்களை மட்டும் நான் நம்புவதில்லை.

தாங்கல்களைப் பற்றி ஷாப்பில் இருக்கும் மூத்த ஃபிட்டர் அண்ணன் எனக்குச் சொன்னது எந்தப் பாடப்புத்தகத்தையும்விடப் பயன்பட்டது. "நாலு காலும் ஒரே மட்டத்துல உட்காராது தம்பி, ஒண்ணுக்கு அடியில எப்பவும் பேக்கிங் தகடு வைக்கத்தான் வேணும்" என்றார் அவர். மாதிரியில் நான்கு கால்களும் 12.3 கிலோநியூட்டனாகச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. தளத்தில் ஒரு கால் இரண்டு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றால் எதிரெதிர்க் கால்கள் இரண்டும் பெரும்பகுதிச் சுமையை ஏற்கும். இதைத் தெரிந்துகொள்ள, ஒரு காலின் அடியில் அந்த இரண்டு மில்லிமீட்டர் இறக்கத்தை இடப்பெயர்ச்சியாகக் கொடுத்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் போதும். ஹாப்பரின் உடல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்குச் சுமை ஏற்றத்தாழ்வும் கூடும் என்பதையும் அப்போது காணலாம்.

கால்களின் அடியை முற்றிலும் அசையாததாகப் பிடிப்பது மற்றொரு பழக்கம். பட்டனைத் தட்டினால் ஆயிற்று என்பதால் எல்லோரும் அதையே தட்டுகிறார்கள். நடுவில் சுமை தாங்கும் ஓர் உத்தரத்தின் இரு முனைகளும் இறுகப் பிடிக்கப்பட்டால், வெறுமனே தாங்கப்பட்டதைப்போல் நான்கில் ஒரு பங்குதான் வளையும். நீளம் முழுவதும் பரவிய சுமையானால் ஐந்தில் ஒரு பங்கு. கால்களின் பக்கவாட்டு அசைவிலும் அதே நான்கு மடங்கு வேறுபாடு வரும். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்தும் மார்கழியில் கிழக்கிலிருந்தும் பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து அடிக்கும் காற்றை அறிந்த எங்களுக்கு இது ஏட்டு விஷயமன்று. நொடிக்கு 39 மீட்டர் வேகத்தை அடிப்படையாக எடுத்தால் ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையின் சூத்திரப்படி சதுர மீட்டருக்கு 900 நியூட்டனுக்கு மேல் அழுத்தம் வரும்; காலியான ஹாப்பர் அதை வாங்கிக்கொண்டு எவ்வளவு ஆடும் என்பது, 16 மில்லிமீட்டர் பேஸ் பிளேட்டும் நான்கு ஆங்கர் போல்ட்டும் உண்மையில் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கின்றன என்பதைப் பொறுத்தது. உண்மை இறுகிய பிடிக்கும் கீலுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இரண்டு எல்லைகளுக்கும் தனித்தனியே ஓட்டி, இரண்டிலும் வடிவமைப்பு தாங்குகிறதா என்று பார்ப்பதே சிறிய நிறுவனத்துக்கு ஏற்ற வழி. நடுவில் இருக்கும் துல்லியமான எண்ணைத் தேடிப் போவது செலவுக்கேற்ற வேலையன்று.

வெப்பத்திலும் இதே பழக்கம் கேடு செய்யும். இரு முனையும் இறுகப் பிடித்த எஃகு உறுப்பை 30 பாகை சூடாக்கினால் அதன் நீளம் எதுவாக இருந்தாலும் 72 மெகாபாஸ்கல் தகைவு வந்துவிடும். பாலக்காட்டுச் சித்திரை வெயிலில் கூரை உத்தரத்துக்கு அப்படி ஓர் எண் வந்தால், உண்மையில் நீள்துளை போட்டு நழுவ விட்டிருக்கும் முனையை மாதிரியில் பூட்டிவிட்டோமா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் மெஷ். அங்கேயும் பத்து மடங்குப் பிழை ஒளிந்திருக்கும் ஓர் இடம் உண்டு என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். எட்டு கணுக்கள் (எலிமென்ட்டுகள் ஒன்றோடொன்று சேரும் புள்ளிகள்) கொண்ட நேரியல் செங்கல் எலிமென்ட்டுக்கு வளையத் தெரியாது. அதன் விளிம்புகள் நேர்கோடாகவே இருக்கும், ஆகவே வளைக்கும் சுமை வந்தால் இல்லாத வெட்டுத் தகைவை உருவாக்கிக்கொண்டு விறைத்துவிடும். தடிமனுக்கு ஒரே அடுக்காக எலிமென்ட் போட்டு, அதன் நீளமும் தடிமனும் சமமாக இருந்தால்கூட அது உண்மையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பாக நடந்துகொள்ளும். நீளம் தடிமனைப்போல் ஐந்து மடங்கானால் விறைப்பு 10 மடங்கைத் தாண்டிவிடும். 10 மில்லிமீட்டர் தகட்டில் 50 மில்லிமீட்டர் எலிமென்ட் போடுவது எங்கும் நடப்பதுதான். வளைவு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக வரும், பார்ப்பவர் மகிழ்ந்து கையெழுத்துப் போட்டுவிடுவார். நான்கு கணுக்கள் கொண்ட நான்முகி எலிமென்ட்டும் இதே இனம். கால்குலிக்ஸில் இந்தச் செங்கலின் பெயரான சி3டி8 என்பதற்குப் பதிலாக சி3டி8ஐ (கடைசியில் I என்ற ஆங்கில எழுத்து) அல்லது 20 கணுக்கள் கொண்ட சி3டி20ஆர், நான்முகியானால் 10 கணுக்கள் கொண்டது என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். ஒரே புள்ளியில் கணக்கிடும் சி3டி8ஆர் எலிமென்ட்டுக்கு எதிர்மாறான நோய்: ஒரே அடுக்காகப் போட்டால் வளைவுக்கு எதிர்ப்பே காட்டாமல் குழைந்துவிடும், உருமாறிய மெஷ்ஷில் எலிமென்ட்டுகள் மாறி மாறிச் சரிந்து மணற்கடிகாரத்தின் வடிவம் தெரியும்.

எந்த எலிமென்ட்டை நம்பலாம் என்று சோதிக்க ஒரு சிறு உத்தரத்தை வைத்திருக்கிறேன். நீளம் 1000, அகலம் 50, உயரம் 100 மில்லிமீட்டர். ஒரு முனை சுவரில் பதிந்தது, மறு முனையில் 1000 நியூட்டன் சுமை. யங் குணகம் 2 லட்சம் மெகாபாஸ்கல். முனை 0.4 மில்லிமீட்டர் இறங்க வேண்டும், பதிந்த முனையில் தகைவு 12 மெகாபாஸ்கல் வர வேண்டும். எண்கள் முழுமையாக வருவதால் நினைவில் நிற்கும். கணினி 0.403 என்று சொன்னால் அது பிழையன்று. எளிய சூத்திரம் விட்டுவிடும் வெட்டு உருமாற்றத்தின் பங்கு அந்த 0.003. ஆனால் 0.27 என்றோ 0.04 என்றோ வந்தால் எலிமென்ட் விறைத்திருக்கிறது. புதிதாக வருபவர்களிடம் இந்த உத்தரத்தைக் கொடுத்து, வேண்டுமென்றே எலிமென்ட்டைக் கெடுத்து ஓட்டச் சொல்வேன். விடை எப்படிக் கெடும் என்று ஒரு முறை கண்ணால் கண்டவர்கள் பிறகு மறப்பதில்லை.

நார்வேயில் ஸ்டவாங்கருக்கு அருகே 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்லெய்ப்னர் ஏ என்ற கடல் எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் மூழ்கியதை இத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். மூன்று அறைகள் கூடும் சுவர்ப்பகுதியில் பொருத்தமற்ற பரும்படியான மெஷ் போட்டதால் நாஸ்ட்ரான் என்ற மென்பொருளின் கணக்கில் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாக வந்திருந்தது. அதை நம்பி அந்தச் சுவர் போதிய பலமின்றி வடிவமைக்கப்பட்டது, கம்பியும் போதவில்லை. விபத்துக்குப் பின் நுணுக்கமாகக் கணக்கிட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். இதில் என்னை உறுத்துவது என்னவென்றால், முதலில் வந்த விடையை யாரும் எதிர்பாராத விடையாகக் கருதவில்லை. எதிர்பார்த்த அளவிலேயே வந்த எண்ணை யார் சந்தேகிப்பார்கள்? அதனால்தான் ஹாப்பரின் 48 மில்லிமீட்டரை நான் வரவேற்கிறேன். நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கும் விடை தொல்லையன்று, 0.04 என்று அடக்கமாக வந்து நிற்கும் விடைதான் தொல்லை.

தகைவில் ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கலாம். உள்மூலையில், மூலையை வலுப்படுத்தும் கஸெட் தகடு காலோடு சேரும் 90 பாகைத் திருப்பத்தில், சிவப்பு நிறம் எப்போதும் எரியும். வளைவாக்கப்படாத கூரிய உள்மூலையில் நெகிழ்வுக் கோட்பாட்டின்படி தகைவுக்கு எல்லையே இல்லை. வில்லியம்ஸ் 1952இல் காட்டிய கணக்கின்படி எலிமென்ட்டைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் அந்த எண் ஏறக்குறைய 1.37 மடங்காகும். அதைத் துரத்திக்கொண்டு மெஷ்ஷை நுணுக்குபவர்களுக்கு முடிவே கிடையாது. மெஷ்ஷைப் பாதியாக்கும்போது வளைவு மாறாமல், மூலையில் தகைவு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறினால் அது இந்த வகைதான் என்று முடிவு செய்துகொண்டு, வெல்டிங்கின் விளிம்பிலிருந்து தகட்டின் தடிமனில் 0.4 மடங்கு, 1 மடங்கு தூரங்களில் தகைவை எடுத்து விளிம்புக்கு நீட்டிக் கணக்கிடும் முறைக்குப் போய்விட வேண்டும். சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் உண்டாகும் தளர்வு முறிவை மதிப்பிட உலக வெல்டிங் வட்டாரங்களில் புழங்கும் முறை அது.

மேற்சொன்ன எதுவும் காரணமில்லை, மென்பொருளில்தான் பிழை என்று உறுதியாகத் தோன்றினால், மாதிரியைப் பாதியாக வெட்டி, விந்தையான விடை எந்தப் பாதியில் நிற்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளி, மறுபடியும் வெட்டிக்கொண்டே போக வேண்டும். தொடுகையை எடுத்துவிட்டு ஒட்டவைத்துப் பார்த்தல், பெரிய உருமாற்றக் கட்டளையை நீக்கிப் பார்த்தல், பொருளை வெறும் நெகிழ்வுப் பொருளாக்கிப் பார்த்தல் என ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இப்படிக் குறைத்துக்கொண்டே போகையில் பெரும்பாலும் நாம் கொடுத்த ஏதோ ஒரு வரி அகப்பட்டுவிடும். அகப்படாமல் பத்துப் பதினைந்து எலிமென்ட்டிலும் அதே விந்தை நிற்குமானால், அந்தச் சிறு கோப்பையும் பதிப்பு எண்ணையும் எதிர்பார்க்கும் கைக்கணக்கையும் சேர்த்து மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு அனுப்பிவிடலாம். ஐந்து டன் நெல்லோடு முழு ஹாப்பரை அனுப்பினால் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்காது.